தூங்குகிற சுவர்

நெஞ்சுக்குள்ளே ஒரு சுவர் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னார், பூட்டு என்று பேரெடுத்த பெரியவருக்கு மத்தியானப் பொழுதுகள் பிடிபடாமல் போயின. மேல்மாடி வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு, தூங்குகிறவனின் மூச்சு கேட்கிறதா என்று காது கொடுத்துக் கிடப்பார். திரைச்சீலை வழியே விழுந்த வெயில் தரையில் ஊர்ந்து கட்டில் கால்வரை வரும். தெருவில் யாரோ பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் மிதந்து வரும். அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் தூங்கவில்லை. பகலில் தூங்குகிற ஜாதி அல்ல அவர்.

ரொட்டி ஆலையின் கேட்டில் காலமெல்லாம் நின்றவர். உள்ளே போகிற ஆளையும் வெளியே வருகிற பையையும் தொட்டுப் பார்க்காமல் விட்டதே இல்லை. முதலாளியின் பெண்டாட்டி கொண்டுவந்த குடையையே விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அதனால் வந்த பேர் பூட்டு. ஆலையில் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர், நாளாவட்டத்தில் முகத்துக்கு முன்னாலும் வந்து, கடைசியில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே அப்படித்தான் சொல்வாள்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் தூங்க மாட்டார். சொந்தக்காரர் வீட்டில் தூங்க மாட்டார். தன் வீட்டிலேயே எல்லோரும் படுத்தபின், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முதுகைச் சாய்ப்பார். கண்ணை மூடினால் கேட்டைத் திறந்து போட்ட மாதிரி என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரின் இதயத்தில் ஒரு பக்கச் சுவர் வேலை நேரத்தில் தூங்குகிறதாம்.

டாக்டரம்மா பொடிசாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். கம்ப்யூட்டர் திரையில் இதயத்தைக் காட்டினார். கறுப்பும் வெளுப்புமாக ஒரு பை சுருங்கி விரிந்தது. அதில் ஒரு ஓரம் மட்டும் அசையாமல் கிடந்தது.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் எல்லாமே மோசமா அடைச்சிருக்குய்யா. காலிலேர்ந்து குழாய் எடுத்து பைபாஸ் போடணும். அது ஒண்ணு. இந்தச் சுவர் இருக்கு பாருங்க, ரொம்ப நாளா ரத்தம் சரியா வராம சோர்ந்து தூங்கிப்போச்சு. சாகலை. தூங்குது."

"யாரைக் கேட்டுத் தூங்குது?"

"அதைத்தான் எழுப்பிப் பார்க்கலாம்னு சொல்றேன். உங்க இடுப்பெலும்புலேர்ந்து மஜ்ஜை எடுத்து, அதுல இருக்கிற செல்லை மட்டும் பிரிச்சு, ஆபரேஷன் பண்ணும்போதே இந்தச் சுவர்ல ஊசியால போடுவோம். எழுந்தாலும் எழுந்துக்கும், எழாமலும் போகும். புது வைத்தியம். இன்னும் பரீட்சைதான் பண்ணிட்டிருக்கோம். உறுதி சொல்ல மாட்டேன்."

பூட்டு தான் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். "படி ஏறலாமா?"

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மச்சானும் கீழ்வீட்டுக்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். அண்டை வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தன. சோதனை போட்டே பழகிய மனுஷர், மூட்டைபோல் போனார். அன்றிலிருந்து கீழே இறங்கவே பயம், இறங்கினால் ஏற வேண்டுமே.

"பைபாஸ் மட்டும் போட்டா வலி போகும், உயிருக்கு நல்லது," என்றார் டாக்டரம்மா. "படி ஏறணும்னா அந்தச் சுவரும் கொஞ்சமாவது வேலை செய்யணும்."

"சரி. என் சரக்கு என்கிட்டேயிருந்து வெளிய போகுது. எங்கேயோ ஒரு ரூமுக்குள்ள சுத்துது. திரும்பி எனக்குள்ளயே வருது. வர்றது என்னுதுதான்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீங்க நல்லவங்கதாம்மா. நல்லவங்க பையைத்தான் நான் நல்லா தடவிப் பாப்பேன்."

பக்கத்தில் இருந்த மனைவிக்குத் தாங்கவில்லை. "ஊர்ப்பட்ட பையைத் தடவினீங்களே, உள்ளுக்குள்ளேயே ஒருத்தன் தூங்கினதைக் கோட்டை விட்டுட்டீங்களே."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மஜ்ஜை எடுக்கும்போது பூட்டு விழித்திருப்பார். எடுத்த பை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது அவர் ஆள் ஒருவர் கூடவே போகலாம், கண்ணாடிக் கதவு வரைக்கும்.

அந்த ஆள் மச்சான். மனைவியின் தம்பி. பூட்டுதான் அவனை ஆலையில் சேர்த்துவிட்டார். சேர்த்த கொஞ்ச நாளிலேயே மாவு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தட்டி எழுப்பியவரும் அவர்தான். தலை முதல் கால் வரை வெள்ளையாக எழுந்து நின்றவனைப் பார்த்து ஆலையே சிரித்தது. அன்றைக்கு வைத்த தூங்குமூஞ்சி என்ற பேர் தலை நரைத்த பிறகும் அவனை விடவில்லை.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போய்த் திரும்ப வேண்டிய சாமான் எதுவானாலும், ரிப்பேருக்குப் போகும் மோட்டாரோ வெளுக்கப் போகும் துணி மூட்டையோ, கேட்டில் அதற்கு ஒரு பித்தளை வில்லையை ஊக்கால் குத்தி அனுப்புவார்கள். அதே வில்லையோடு திரும்பி வந்தால்தான் உள்ளே. வேலையை விட்டு வரும்போது ஞாபகமாக இருக்கட்டும் என்று ஒரு வில்லையை அவருக்கே கொடுத்திருந்தார்கள். ஆபரேஷன் நாள் காலையில் அதை எடுத்து மச்சான் கையில் வைத்தார்.

"வில்லை இல்லாம எதுவும் தாண்டக் கூடாது. புரியுதா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா."

"தூங்கிடாதே."

"நடந்துகிட்டே எப்படி மாமா தூங்கறது?"

"நீ செய்வே."

ஆஸ்பத்திரி அறை முழுக்க வெளுப்பு. சுவரும் விரிப்பும் ஜன்னலுக்கு வெளியே வானமும் ஒன்றோடொன்று கலந்து, எங்கே அறை முடிகிறது என்றே தெரியவில்லை. அவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பை மரத்துப்போகச் செய்தார்கள். அப்புறம் எலும்புக்குள்ளிருந்து யாரோ நீளமான நூலை இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. வலி என்று சொல்ல முடியாது. என்றைக்கோ உள்ளே வைத்து மறந்துபோன எதையோ தேடி எடுக்கிறார்கள் என்று தோன்றியது. அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆய்வுக்கூடத்துப் பெண் நிரம்பிய பையை அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள். சின்னப் பெண். கையுறைக்குள் விரல்கள் மெலிசாகத் தெரிந்தன. பைக்குள் கருஞ்சிவப்பாக அவருடைய சரக்கு.

"இவ்வளவுதானா?"

"இதுல கோடிக்கணக்குல இருக்குய்யா."

"நீ எண்ணினியா?"

"மிஷின் எண்ணும்யா."

"மிஷினை யாரு எண்ணுவா?" என்றார் பூட்டு. அவள் பையை நீலப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துப்போனாள். பின்னாலேயே மச்சான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பூட்டு காத்திருந்தார். ஏதோ ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு லேசாகிக் கட்டிலுக்கு மேலே ஒரு விரற்கடை மிதப்பதுபோல் இருந்தது. எங்கிருந்தோ ரொட்டி வேகிற வாசனை வந்தது. இங்கே ஏது ரொட்டி என்று யோசித்து, கண்ணை இன்னும் அகலமாகத் திறந்துகொண்டார்.

கதவு திறந்தபோது முன்னால் வந்தது டாக்டரம்மா. அடுத்து அந்தப் பெண். கடைசியில், வாசலைத் தாண்டாமல் மச்சான். அவன் முகத்தைப் பார்த்ததுமே பூட்டுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மாவு மூட்டையிலிருந்து எழுந்து நின்றவனின் முகம் அது.

பெண்ணின் கையில் அந்தப் பை. பையின் மூலையில், ஊக்கில் குத்தி, பித்தளை வில்லை தொங்கியது.

"இந்தப் பொண்ணு உடுப்பு மாத்தப் போனப்போ, பெட்டியைக் கதவோரத்துல வெச்சிருக்கா," என்றார் டாக்டரம்மா. "உங்க ஆளு திறந்து இதைக் குத்திட்டார்."

"ஓரத்துலதான் மாமா குத்தினேன்," என்றான் மச்சான். "உள்ள படாம, ஓரமா. நீங்கதானே சொன்னீங்க, வில்லை இல்லாம தாண்டக் கூடாதுன்னு."

பூட்டு வில்லையைப் பார்த்தார். அது மெதுவாகச் சுழன்று ஜன்னல் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தது. மச்சானைத் திட்ட வாயெடுத்தார். சொன்னதைச் செய்தவனை எந்தக் கணக்கில் திட்டுவது?

"இனி இதை உங்க இதயத்துல போட முடியாதுய்யா. ஊசி முனை அளவு ஓட்டை போதும், கிருமி போயிடும்."

"இப்பவே இன்னொரு தடவை எடுங்க. நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"எடுத்து, பிரிச்சு முடியற வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர் காத்திருக்காது. உங்க அடைப்பும் காத்திருக்காது. உங்களை இன்னொரு நாளைக்குத் தள்ள எனக்குத் தைரியம் இல்லை. ஒண்ணு, பைபாஸ் மட்டும் போடறேன். இல்லேன்னா, நீங்க மயக்கத்துல போன உடனே இடுப்புல மறுபடி எடுக்கறோம். நான் குழாய் தைக்கிற நேரத்துல இவங்க பிரிச்சு நேரா தியேட்டருக்கே கொண்டு வருவாங்க. ஆனா கூட யாரும் வர முடியாது. நீங்களும் பார்க்க முடியாது."

"அப்போ எனக்குத் தெரியாமலே போகும், தெரியாமலே வரும்."

"ஆமா."

இதைவிட மோசமான ஏற்பாட்டை யாராலும் அவருக்குச் செய்திருக்க முடியாது. ஆள் தூங்க வேண்டும், கேட் திறந்து கிடக்க வேண்டும், பை போய்விட்டு வர வேண்டும், வில்லையும் கிடையாது. வேண்டாம், பைபாஸ் மட்டும் போடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே அந்த நாற்காலியும் நினைவுக்கு வந்தது, திறந்து பார்த்த கதவுகளும் வந்தன.

அப்போதுதான் அதைக் கவனித்தார். அந்தப் பெண் ஒரு கையால் பையைப் பிடித்திருந்தாள். மறு கையில் ஒரு பஞ்சுத் துணியை வைத்துப் பைக்கு அடியில் ஏந்தியிருந்தாள். குத்தின இடத்திலிருந்து எப்போதோ ஒரு சொட்டு கசிந்து துணியில் விழுந்தது. அவள் அதைத் தரையில் விழவிடாமல், வந்ததிலிருந்து கையை அசைக்காமல் நின்றிருக்கிறாள்.

ஆலையில் கெட்டுப்போன மாவைத் துடைப்பத்தால் தள்ளுவார்கள். கீழே விழுந்த ரொட்டியைக் காலால் ஒதுக்குவார்கள். வீணாய்ப் போன சரக்குக்குக் கையேந்தி நின்ற ஆளைப் பூட்டு பார்த்ததில்லை.

"அதான் வீணாப் போச்சுன்னாங்களே. எதுக்கு இன்னும் ஏந்திட்டு நிக்கிறே?"

அந்தப் பெண் குனிந்து கையைப் பார்த்தாள். தான் அப்படி நிற்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"உங்களுதாச்சேய்யா," என்றாள்.

பூட்டு துணியில் விழுந்த சொட்டுகளைப் பார்த்தார். மனைவி வந்து காலடியில் நின்றாள். அவளுக்கு அவரைத் தெரியும்.

"நான் தூங்கினப்புறம் எடுத்துக்கோ," என்றார் அந்தப் பெண்ணிடம். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "டேய், அந்த வில்லையைக் கழுவி அக்காகிட்ட குடு. மூஞ்சியைத் தொங்கப்போடாதே. இருக்கிற மூஞ்சியே போதும்."

தியேட்டரில் விளக்குகள் பெரிய வெள்ளைப் பூப்போல் தலைக்கு மேலே விரிந்தன. முகத்தில் எதையோ வைத்தார்கள். வழக்கமாய் விடுவதைப்போல் மூச்சு விடுங்கள் என்றார் ஒருவர். பூட்டு கண்ணை மூடவில்லை. கண் தானாகத்தான் மூடிக்கொண்டது.

மூடியதும் ஆலை.

நல்ல பகல். கூரைக் கண்ணாடி வழியே வெயில் தூண் தூணாக இறங்கியது. மாவுத்தூசி அந்த வெளிச்சத்தில் விழாமல் அப்படியே நின்றது. அடுப்புகள் சூடாக இருந்தன. மிஷின்கள் ஓடவில்லை. அவர் தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். காலடிச் சத்தம் கேட்கவில்லை. நீளமான கூடத்தின் கடைசியில், சுவரை ஒட்டி, ஆட்கள் வரிசையாய்ப் படுத்திருந்தார்கள். மாவு மூட்டைகளில் தலை வைத்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வேலையுடுப்போடு தூக்கம்.

அகப்பட்டீர்களா என்று அவர் தடியை ஓங்கித் தரையில் தட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினார். பஞ்சில் தட்டுவதுபோல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் சோம்பேறித்தனம் இல்லை. சாப்பாடு வராத வீட்டில் பிள்ளைகள் தூங்குவார்களே, அப்படித் தூங்கினார்கள். கடைசி மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது வரும்வரை தாக்குப்பிடிக்கிற தூக்கம். அவர் ஓங்கிய தடியை இறக்கிவிட்டார். இத்தனை காலம் தூங்குகிறவனைக் கண்டால் தடியைத் தூக்கியவருக்கு, ஏன் தூங்குகிறான் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

அப்போது கேட் லேசாக ஆடியது. போய்ப் பார்த்தார். வெளியே ஒரு கூட்டம். தலை முதல் கால் வரை வெள்ளை. பை இல்லை, பாஸ் இல்லை. இரைச்சல் இல்லாமல், மழைக்கு ஒதுங்கியவர்களைப்போல் நின்றார்கள். அவர் வில்லைப் பெட்டியைத் துழாவினார். பெட்டி காலி.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"இங்கேயிருந்துதான்," என்றான் முதலில் நின்றவன்.

அவன் முகத்தைப் பார்த்தார். அவருடைய இளவயது முகம்போலவும் இருந்தது, அப்படி இல்லாததுபோலவும் இருந்தது. தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். நீட்டிய கை குறுக்குக் கம்பியைத் தூக்கிவிட்டது.

அவர்கள் உள்ளே போனார்கள். ஓடவில்லை, இடிக்கவில்லை. தூங்குகிறவர்களின் பக்கத்தில் ஒவ்வொருவராய்ப் போய் உட்கார்ந்து, காதருகே குனிந்து எதையோ சொல்ல ஆரம்பித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று இங்கே கேட்கவில்லை. பூட்டுக்குக் கேட்கவேண்டும் என்றும் இல்லை. கேட் திறந்தே இருந்தது. தன் முக்காலியில் உட்கார்ந்தார். வெயில் மடியில் விழுந்தது. கனவுக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பக் கண் திறந்தபோது நெஞ்சில் கட்டு, தொண்டையில் வறட்சி, பக்கத்தில் மனைவி. பேச முடிந்ததும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவரைப் பார்க்க வந்தாள். எங்கே எடுத்தோம், யார் கையில் கொடுத்தோம், எந்த வழியாய்க் கொண்டுவந்தோம் என்று அத்தனையும் சொல்லக் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"சாப்டியாம்மா?" என்றார் பூட்டு.

"சாப்டேன்யா."

"சரி, போய் வேலையைப் பாரு."

அவள் போனபின் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, வந்தது நம்ம சரக்குதானான்னு நீங்க கேக்கவே இல்லையே."

"தூங்கறவனை எழுப்ப வந்தவன்கிட்ட பாஸ் கேப்பாங்களாடா?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று அவள் கையால் சைகை காட்டினாள்.

தையல் ஆறி, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மறுபடி அந்தத் திரையில் இதயத்தைப் பார்த்தார்கள். பை சுருங்கி விரிந்தது. அசையாத ஓரம் இப்போது அசையவில்லை என்று சொல்ல முடியாது. போர்வைக்குள் ஒருவன் காலை நீட்டுகிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு. மறுபடி ஒரு இழுப்பு.

"முழுசா எழுந்திருக்கலை," என்றார் டாக்டரம்மா. "புரண்டு படுத்திருக்குன்னு வெச்சுக்கோங்க. இன்னும் எழுந்துக்கலாம், இதோட நிக்கவும் நிக்கலாம். பைபாஸாலயா, செல்லாலயா, பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதுய்யா."

பூட்டு, தெரியாது என்று சொன்ன வாயை உற்றுப் பார்த்தார். "இது போதும்," என்றார்.

அன்று வீடு திரும்பியபோது மச்சான் கீழ்வீட்டு நாற்காலியைக் கேட்டு வாங்கித் தயாராக வைத்திருந்தான். பூட்டு அதைப் பார்க்காததுபோல் கடந்து, கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் காலை வைத்தார். நின்றார். அடுத்த படி. உள்ளே ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வர மனமில்லாமல் கூடவே வருவதுபோல் இருந்தது. அவர் அவனை அவசரப்படுத்தவில்லை. போன தடவை உட்கார்ந்த அதே பாதிப்படி வந்தது. இந்தத் தடவை நெஞ்சைப் பிடிக்காமல் உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியே மத்தியான வெயில் படியில் பாய் விரித்தாற்போல் கிடந்தது. பூட்டு சுவரில் தலையைச் சாய்த்தார். மனைவி திரும்பிப் பார்ப்பதற்குள் வாயைத் திறந்து தூங்கிவிட்டிருந்தார்.

மச்சான் பதறி எழுப்பப் போனான். "விடுடா," என்றாள் மனைவி. "மூச்சு ஒழுங்கா வருது." வில்லை கோத்த வீட்டுச் சாவியைக் குலுக்காமல் எடுத்துக்கொண்டு மேலே போனாள். மச்சான் காவலுக்கு உட்கார்ந்தான். கட்டிடத்துக்காரர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். துணிப்பை, கூடை, மூடிய டப்பா, கனமான ஒரு மூட்டை எல்லாம் பூட்டின் முழங்காலை உரசிக்கொண்டு போயின. ஒருவரையும் யாரும் நிறுத்தவில்லை.

வெயில் ஒரு படி இறங்கியபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"யார் யாரு போனாங்க?"

"தெரியலை மாமா," என்றான் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானும் தூங்கிட்டேன்."

"நினைச்சேன்," என்றார் பூட்டு. கைப்பிடியை எட்டிப் பிடித்து எழுந்தார். மீதிப் படிகள் மேலே இருந்தன. நெஞ்சில் ஒரு கையை வைத்துக் கொஞ்சம் காத்திருந்தார், கூட வருகிறவனும் எழுந்து நிற்கட்டும் என்று. அப்புறம் காலைத் தூக்கி வைத்தார்.